என் மைத்துனனின் டவுன்லோடு எண்ணிக்கை

கல்லூரி நூலகர் வேலை என்பது, நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் யாரோ எதையோ படித்தார்கள் என்று மாதாமாதம் நிரூபிக்கிற வேலை. புத்தகமாக இருந்தவரை கவலையில்லை. அட்டை கிழிந்து வந்தால் யாரோ படித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது ஆய்விதழ்கள் எல்லாம் இணையத்தில் வருகின்றன, அவற்றுக்குக் கிழிய அட்டை கிடையாது. உங்கள் கல்லூரியில் இத்தனை கட்டுரைகளை இறக்கிப் படித்தார்கள் என்று பதிப்பகத்தார் மாதக் கடைசியில் ஒரு அறிக்கை அனுப்புவார்கள். அந்த எண்ணிக்கைதான் நமக்கு மார்க்கு. இதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற சக நூலகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, மாதக் கடைசியில் உங்களுக்கும் வயிறு கலங்கும்.

எனக்குக் கலங்குவதோடு எரியவும் செய்யும். எங்கள் அறக்கட்டளைக்கு இரண்டு கல்லூரிகள். திருத்தணியில் இருப்பதற்கு நான் நூலகர். அரக்கோணத்தில் இருப்பதற்குத் தாமோதரன் நூலகர். தாமோதரன் வேறு யாருமில்லை, என் மனைவி சரளாவின் தம்பி. அந்த வேலைக்கு அவனைச் சிபாரிசு செய்ததும் நான்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

முதல் அறிக்கை

இரண்டு கல்லூரிகளுக்கும் ஒரே நாளில் ஒரே ஆய்விதழ்த் தொகுப்பை வாங்கினார்கள். முதல் மாத அறிக்கையைத் தாளாளர் கூட்டத்தில் வாசித்தார். அரக்கோணத்தின் எண்ணிக்கை எங்களுடையதைப் போல மூன்று மடங்கு. தாமு அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டான். அந்த அடக்கம்தான் எனக்குப் பிடிக்காது. பெருமை அடித்துக்கொண்டிருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது மனம் ஆறியிருக்கும்.

எங்கள் கல்லூரி ஜன்னலைத் திறந்தால் மலைக்கோயில் தெரியும். தாளாளருக்கும் அது தெரியும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: “ஒரே டிரஸ்டு, ஒரே பேக்கேஜு. அங்க படிக்கிறாங்க. நீங்க இன்னா சார், மலையப் பாத்துகினு உக்காந்துகீறீங்களா?”

எஸ்தர் மேடத்தின் குழம்பு

எண்ணிக்கை ஏன் ஏறவில்லை என்று துப்பறியக் கிளம்பினேன். முதல் குற்றவாளி விலங்கியல் துறை எஸ்தர் மேடம். அவர் ஒரு கட்டுரையை ஒரே ஒரு முறை இறக்குவார். அதை ஜெராக்ஸ் எடுத்து வகுப்பு முழுக்கக் கொடுப்பார். மறுநாள் அதிலிருந்து கேள்வி கேட்பார், தெரியாதவர்களை நிற்க வைப்பார். அத்தனை பேரும் வரிக்கு வரி படிக்கிறார்கள். அறிக்கையில் விழுவதோ ஒன்று.

தாமு கல்லூரியில் ஒரு பையன் தலைப்பைப் பார்த்து இறக்கிவிட்டு, பேருந்து வந்ததும் மறந்துவிடுவான். அதுவும் ஒன்று. இந்த அநியாயத்தை எஸ்தர் மேடத்திடம் விளக்கி, இனிமேல் ஒவ்வொரு மாணவரும் தனித்தனியாக இறக்கட்டும் என்று கெஞ்சினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கையிலிருந்த ஜெராக்ஸ் கட்டை என் மேசையிலேயே வைத்து ஸ்டேப்ளர் அடித்தபடி சொன்னார்: “சார், எங்க வீட்ல ஒரு சட்டி கொழம்பு வெச்சா ஆறு பேரு சாப்பிடறோம். அதுக்காவ ஆறு அடுப்பு பத்த வெக்கச் சொல்றீங்களா?”

கன்னியப்பனின் விரல்

அடுத்து நான் செய்தது நல்ல காரியமில்லை. பொறாமை வந்தவனுக்கு வெட்கம் இருக்காது என்பதை உங்களிடம் ஒளிப்பானேன்? எங்கள் நூலக உதவியாளர் கன்னியப்பன் அடுத்த ஆண்டு ஓய்வு பெறப்போகிறவர், ஆர்.கே.பேட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவர், சொன்ன வேலையை எதிர்க்கேள்வி இல்லாமல் செய்கிறவர். அவரை ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, ஒரு கட்டுரையைத் திறந்து காட்டி, இந்த இடத்தில் அமுக்கிக்கொண்டே இருங்கள் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது அவர் விரலை உதறிக்கொண்டிருந்தார். பிறகுதான் பதிப்பகத்தாரின் விதிமுறையைப் படித்துப் பார்த்தேன். ஒரே ஆள் ஒரே கட்டுரையை அடுத்தடுத்து எத்தனை முறை அமுக்கினாலும் ஒன்று என்றுதான் கணக்கில் சேருமாம். நம்மைப் போன்றவர்களை முன்பே பார்த்திருக்கிறார்கள். விஷயத்தைச் சொன்னதும் கன்னியப்பன் திரையை வருத்தத்தோடு பார்த்தார்: “நூறு தபா அமுக்கினேன் சார். ஒண்ணுன்றான். இவனுக்கு எம்மேல நம்பிக்க இல்ல போலகீது.”

ஒரு கட்டத்தில் முதலிடம்

அதற்கு அடுத்த மாத அறிக்கையில் ஒரு புதுக் கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தில் எங்கள் எண்ணிக்கை கொழுகொழுவென்று இருந்தது, அரக்கோணத்துக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கட்டத்துக்கு மேலே எழுதியிருந்த ஆங்கிலச் சொல்லை நிதானமாகப் படிக்கக்கூடப் பொறுமையில்லாமல் மஞ்சள் பேனாவால் அடிக்கோடிட்டு, கூட்டத்தில் எல்லோருக்கும் காட்டினேன். தாமுவின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டான். பொறாமைப்படுகிறான் என்று நினைத்து உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன்.

தாளாளர் அந்தத் தாளை வாங்கிப் படித்தார். அது எங்கள் சந்தாவில் இல்லாத இதழ்களைத் திறக்கப் பார்த்து, முடியாமல் திரும்பிப் போனவர்களின் எண்ணிக்கை. அவர் தாளை மடித்து என்னிடமே கொடுத்தார்: “வாசல் வரிக்கும் வந்து கதவு தொறக்காம போனவங்கள எண்ணி மால போட்டுக்கறீங்களா சார்?”

அரக்கோணத்துப் போஸ்டர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுக்குப் போனோம். மாமனார் ரயில்வேயில் இருந்தவர், வீடு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில். சாப்பாட்டுக்கு முன்னால் தாமு தன் கல்லூரியைக் காட்டுகிறேன் என்று அழைத்துப் போனான். நூலக வாசலில் ஒரு போஸ்டர். ஒரு ரயில் என்ஜின், அதன் பெட்டி ஒவ்வொன்றிலும் ஓர் ஆய்விதழ், கடைசிப் பெட்டியில் ஒரு க்யூஆர் கோடு. கைபேசியில் ஸ்கேன் செய்தால் வீட்டிலிருந்தே படிக்கலாம். ஞாயிற்றுக்கிழமையிலும் விடுதி மாணவர்கள் வரிசையாக நின்று ஸ்கேன் செய்துகொண்டிருந்தார்கள். அன்றைக்கு மாமியார் செய்த கோழிக்குழம்பு எனக்கு இறங்கவில்லை.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பான். கேட்க நாக்கு வரவில்லை. தாமு தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் போஸ்டரைக் கைபேசியில் படம் பிடித்தேன். திங்கட்கிழமை திருத்தணி பஜாரில் ஃப்ளெக்ஸ் கடைக்காரரிடம் கொடுத்து, என்ஜினை எடுத்துவிட்டு மயிலைப் போடச் சொன்னேன். கீழே அரக்கோணம் என்று இருந்ததைத் திருத்தணி என்று மாற்றச் சொன்னேன். ஒரு மயில் எதற்காக ஏழு பெட்டிகளை இழுக்கிறது என்று கடைக்காரர் கேட்கவில்லை, நல்ல மனிதர்.

அவர் கேட்டது வேறு. கடைசிப் பெட்டியில் கறுப்பும் வெள்ளையுமாக இருந்ததைச் சுட்டிக்காட்டி, அதையும் மாற்ற வேண்டுமா என்றார். ஐயோ, அதில் கைவைத்துவிடாதீர்கள், அதுதான் முக்கியம் என்றேன். “சரி சார், உங்க இஷ்டம். அத மட்டும் தொடல, அப்டியே உட்டுட்றேன்.”

ஆடிக் கிருத்திகை

போஸ்டரை வகுப்பறை, கேன்டீன், விடுதி, சைக்கிள் ஸ்டாண்டு என்று ஓர் இடம் விடாமல் ஒட்டினேன். ஒவ்வொரு வகுப்பாகப் போய் எப்படி ஸ்கேன் செய்வது என்று சொல்லிக்கொடுத்தேன். தொண்டை கட்டிப்போயிற்று. எங்கள் பிள்ளைகளும் ஆர்வமாகத்தான் ஸ்கேன் செய்தார்கள். அறிக்கை வந்தது. எங்கள் எண்ணிக்கை முன்பு இருந்ததைவிட இறங்கியிருந்தது. அரக்கோணம் ஏறியிருந்தது. கம்ப்யூட்டரில் படித்துக்கொண்டிருந்தவர்களும் இப்போது கைபேசிக்கு மாறிவிட்டார்கள், கைபேசிக் கணக்கு தாமதமாகச் சேரும் போல என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

பிறகு ஆடிக் கிருத்திகை வந்தது. ஊரில் காவடிக் கூட்டம் தவிர வேறொன்றும் நகரவில்லை. எங்கள் கல்லூரிக்கும் அரக்கோணத்துக்கும் சேர்ந்தாற்போல் விடுமுறை. பஸ்ஸில் ஏற இடமில்லாமல் பிள்ளைகள் வீட்டிலும் விடுதியிலும் முடங்கிக் கிடந்தார்கள். அந்த மாதம் எங்கள் எண்ணிக்கை தரையில் கிடந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. ஆனால் அரக்கோணம் ஏன் மலையேற வேண்டும்? முருகன் இருப்பது எங்கள் ஊரில், அருள் அவன் கல்லூரிக்கா? கோபத்தை அடக்கிக்கொண்டு தாமுவுக்கு போன் செய்து வாழ்த்துச் சொன்னேன். சொல்லும்போதே பல்லைக் கடித்ததில் கடைவாய் வலித்தது. அவன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: “எனக்கே ஒண்ணும் புரியல பாவா. எங்க பசங்க பரிச்சைக்கே படிக்க மாட்டானுங்க, லீவுல படிச்சிகினு கீறானுங்க.”

இந்துமதியின் காது

இதுவரை என் வயிற்றெரிச்சல் என்னோடு போயிற்று. பிறகுதான் தாளாளர் குண்டைப் போட்டார். அடுத்த ஆண்டு ஆய்விதழ்த் தொகுப்பு ஒரு கல்லூரிக்கு மட்டுமே. எந்தக் கல்லூரியில் அதிகம் படிக்கிறார்களோ அதற்கு. கூட்டம் அடுத்த வியாழக்கிழமை அரக்கோணத்தில். முடிவு என்னவாக இருக்கும் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

செய்தி பரவிய அன்றே இந்துமதி வந்து நின்றாள். எங்கள் கல்லூரியில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறவள், பள்ளிப்பட்டுக்காரி, விசைத்தறிக் குடும்பம். தறிச் சத்தத்தில் நெசவாளர்களுக்குக் காது எப்படிப் பழுதாகிறது என்பது அவள் ஆய்வு. தறிக்கூடம் தறிக்கூடமாகப் போய் ஆட்களின் காதைச் சோதித்துக் குறித்துக்கொண்டு வருகிறாள். அதற்கு வேண்டிய இதழ் அந்தத் தொகுப்பில்தான் இருக்கிறது, அவளுக்கு இன்னும் ஓராண்டு வேலை பாக்கி. இதழ் போனால் ஒவ்வொரு கட்டுரைக்கும் யார் யாரையோ கெஞ்ச வேண்டும்.

இதுவரை நான் எண்ணிக்கையைப் பற்றித்தான் கவலைப்பட்டேனே தவிர, அந்த எண்ணிக்கைக்குள் இப்படி ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு இப்போதும் கூச்சமாக இருக்கிறது. இந்த ஆய்வை ஏன் எடுத்தாய் என்று சும்மா கேட்டேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்: “எங்க நைனாவுக்குத் தறிய நிறுத்தினாலும் காதுக்குள்ள ஓடிகினேதான் கீதாம் சார். தூங்கறப்பகூட நிறுத்த மாட்டேங்குதாம்.”

கைபேசியின் மேல்வரி

தாளாளரிடம் காட்டலாம் என்று, அந்த மாதம் படித்த கட்டுரைகளின் பட்டியலை அவளிடம் கேட்டேன். நோட்டைக் கொடுத்தாள். இரண்டு பக்கம் நெருக்கி எழுதியிருந்தாள். அறிக்கையில் அந்த இதழுக்கு நேரே எங்கள் எண்ணிக்கையைத் தேடினேன். சுழியம். இவள் ஒருத்தி படித்ததே இரண்டு பக்கம் இருக்கும்போது கல்லூரி முழுக்கச் சுழியம் எப்படி வரும்? எப்படி இறக்குகிறாய், செய்து காட்டு என்றேன்.

அவள் எழுந்துபோய் என் மயில் போஸ்டரின் கடைசிப் பெட்டியை ஸ்கேன் செய்து கைபேசியை நீட்டினாள். திரையின் மேல்வரியில் எழுதியிருந்தது, அரக்கோணம் கல்லூரி நூலகம் உங்களை வரவேற்கிறது என்று. அறக்கட்டளை முழுக்க ஒரே மாதிரி மின்னஞ்சல் முகவரி என்பதால் அது எங்கள் பிள்ளைகளையும் தாராளமாக உள்ளே விட்டிருக்கிறது. விட்டுவிட்டுத் தாமு கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறது. மாதக்கணக்கில் நான் தொண்டை கிழியக் கத்தி, சைக்கிள் ஸ்டாண்டு வரை ஒட்டி, என் பிள்ளைகள் அத்தனை பேரையும் அவன் கல்லூரிக்கு அனுப்பிவைத்திருக்கிறேன். இத்தனை நாள் இது உன் கண்ணில் படவில்லையா என்று இந்துமதியிடம் கேட்டேன். “ஆங், எப்பவும் அப்டித்தா வருது சார். ரெண்டும் நம்ம காலேஜுதானேன்னு உட்டுட்டேன்.”

வியாழக்கிழமை

அரக்கோணம் ரயிலில் உட்கார்ந்து யோசித்தேன். உண்மையைச் சொன்னால் மைத்துனனின் போஸ்டரைத் திருடியவன் என்று இரண்டு கல்லூரியும் சிரிக்கும். சொல்லாவிட்டால் இந்துமதிக்கு இதழ் கிடைக்காமல் போகும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். உங்களுக்குத் தாமு மாதிரி ஒரு மைத்துனன் இல்லை. அரக்கோணம் வருவதற்குள் ஒரு முடிவுக்கு வந்தேன். கூட்டம் தொடங்கியதும் எழுந்து, படம் பிடித்தது, மயில் போட்டது, க்யூஆர் கோடைத் தொடாமல் விட்டது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. தாமு எழுந்தான். “எனக்கும் போன வாரம்தான் தெரிஞ்சது பாவா. தறி, காதுன்னு யாரோ படிச்சிகினு கீறாங்க, எங்க காலேஜ்ல அந்தப் பாடமே இல்ல” என்று சொல்லிவிட்டு ஒரு ஃபைலைத் தாளாளர் முன்னால் வைத்தான். ஒவ்வொரு மின்னஞ்சல் முகவரியிலும் இருந்த பெயரை வைத்து எங்கள் பிள்ளைகள் இறக்கியதையும் அவன் பிள்ளைகள் இறக்கியதையும் தனித்தனியாகப் பிரித்து, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கொண்டுவந்திருக்கிறான். பிரித்துப் பார்த்தால் நாங்கள்தான் அதிகம். வாழ்க்கையில் முதல்முறையாகத் தாமுவை ஜெயித்தேன், அதையும் அவனே அச்சடித்துக் கொடுத்தான்.

தாளாளர் சொன்னபடி பார்த்தால் தொகுப்பு திருத்தணிக்கு. அந்த ஃபைலை வைத்தால் தன் கல்லூரி இதழ்களை இழந்துவிடும் என்று தெரிந்தேதான் வைத்தான். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். எரிந்தது. இத்தனை மாதம் எண்ணிக்கையில் ஜெயித்ததுபோக நல்லவனாக இருப்பதிலும் இவனே ஜெயிப்பானா? உண்மையைச் சொல்கிறேன், பெருந்தன்மையால் அல்ல, அந்த எரிச்சலால்தான் மறுபடி எழுந்தேன். ஒரே அறக்கட்டளைதானே, இரண்டு கல்லூரியும் ஒரே சந்தாவில் சேர்ந்தால் இரண்டு பேருமே படிக்கலாமே, பதிப்பகத்தாரிடம் கேளுங்கள் என்றேன். தாளாளர் அங்கேயே போன் போட்டார். முடியும் என்றார்கள், ஒரே ஒரு நுழைவுப் பக்கம்தான் இருக்க வேண்டுமாம். தாளாளர் முகம் மலர்ந்தது: “நல்லதாப் போச்சி. எல்லாரும் ஏற்கெனவே அரக்கோணம் பக்கத்துலதான் போறாங்க. அதையே வெச்சிக்கலாம். சாருக்குப் போஸ்டர் மாத்தற வேலயும் மிச்சம்.”

வீட்டில்

இந்துமதிக்கு இதழ் வருகிறது. நேற்றுகூட ஒரு கட்டுரையை ஸ்கேன் செய்து இறக்கிக்கொண்டு பள்ளிப்பட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். மாத அறிக்கை இப்போது ஒன்றுதான் வருகிறது, அரக்கோணம் என்று தலைப்புப் போட்டு. அதைப் பார்க்கும்போதெல்லாம், இதில் பாதிக்கு மேல் என்னுடையது என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்கிறேன். கன்னியப்பன் மட்டும் நம்புகிறார்.

சரளாவிடம் இந்தக் கதையை நானாகச் சொல்லவில்லை. தாமு சொல்லியிருக்கிறான், அதுவும் பாவா பெருந்தன்மையாக நடந்துகொண்டார் என்று புகழ்ந்து. அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, சாப்பாடு போட்டபடியே என்னைப் பார்த்தாள்: “அப்ப இத்தினி மாசமா என் தம்பி மேல வயிறு எரிஞ்சிகினே, அவனுக்கேதான் வேல செஞ்சிகினு இருந்தீங்களா?”

சக நூலகர்களே, இத்தனை ஆண்டு அனுபவத்தில் நான் வளர்த்த எண்ணிக்கைகளில் இது ஒன்றுதான் மாதாமாதம் தவறாமல் ஏறுகிறது, ஏறும்போதெல்லாம் கைதட்டுவதா வயிறெரிவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்துகொண்டிருக்கிறேன்.